ஜிப் வைத்த மஞ்சள் பை

கல்யாணப் படங்களை அனுப்பிய நான்காவது நாள் பெண்ணின் அப்பா போன் செய்தார். “தம்பி, நீங்க அனுப்பினதை இறக்கினா ஜிப் வெச்ச மஞ்சள் பை மாதிரி நாலு வந்து நிக்குது. ஒண்ணைத் திறந்து பார்த்தேன், படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா என் அக்கா வந்திருந்தாங்களே, அவங்களை ஒரு படம்கூட எடுக்கலையா?”

எடுத்திருந்தேன். எண்ணிப் பார்த்தால் பதினோரு படம். ஃபோல்டர் பெரிது என்பதால் இறக்கும்போது நான்கு ஜிப் ஃபைலாக, அதாவது பல படங்களை ஒன்றாகக் கட்டிய நான்கு பொட்டலமாகப் பிரிந்திருக்கிறது, அக்கா மூன்றாவது பையில் மாட்டிக்கொண்டார். “மத்த மூணையும் திறந்தீங்களா ஐயா?” என்றேன். “எல்லாத்துக்கும் ஒரே பேருதானே தம்பி, கடைசியில நம்பர் மட்டும் மாறுது. ஒரே பையை நாலு தடவை அனுப்பிட்டீங்கன்னு நினைச்சு மூணை அழிச்சிட்டேன். சும்மா இடத்தை அடைக்குதே!”

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெயர்களைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். போனிலேயே இருபது நிமிடம் விளக்கிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் நேரில் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் படம் இறக்கிய கணினி மகளுடையது. மகளோ இப்போது அந்த வீட்டில் இல்லை. அவர் தினமும் புழங்குவது கையில் இருக்கும் போன் ஒன்றுதான். “இதுல வராதா?” என்று நீட்டினார். லிங்க்கைத் தொட்டதும் முதலில் ஒரு செயலியை நிறுவச் சொன்னது. அப்புறம் கணக்கில் நுழையச் சொன்னது. கடைசியில் ஒரு நீளமான ஃபைல் பட்டியல் வந்தது, படங்கள் எல்லாம் நகத்தளவு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். படம் பெரிதாகவில்லை.

மூன்று வாரம் உட்கார்ந்து 640 படங்களுக்கு நிறம் சரிசெய்திருந்தேன். அவற்றை எப்படிக் கொடுப்பது என்று யோசித்தது பத்து நிமிடம்கூட இருக்காது. என் மேசையில், என் பெரிய திரையில், என் இணைய வேகத்தில் எது சுலபமோ அந்த வழியில் தள்ளிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு யார் வேலைக்கு அழைத்தாலும், முன்பணம் வாங்கும்போதே ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன்: “படங்களை முதலில் எதில் திறந்து பார்ப்பீங்க?” பெரும்பாலும் போன் என்றுதான் பதில் வருகிறது. சிலர் டிவி என்கிறார்கள். கணினி என்பவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

நான் தொழிலுக்கு வந்தபோது இந்தக் கேள்விக்கே இடமில்லை. டிவிடி ஒன்றுதான். சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி பிடிக்கும். பெரிய நிகழ்ச்சி என்றால் இரண்டு மூன்று தட்டு. மேலே பெயர் அச்சடித்து உறையில் போட்டுக் கொடுத்தால் அழகாகவே இருக்கும். அப்புறம் மடிக்கணினிகளில் தட்டு போடும் இடமே காணாமல் போக ஆரம்பித்தது. ஆப்பிள் 2008லேயே மேக்புக் ஏரில் அதை எடுத்துவிட்டது, மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்தார்கள். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை எங்கே சொருகுவது?” என்று கேட்டார். அன்றைக்கே பென்டிரைவுக்கு மாறினேன்.

பென்டிரைவ் எனக்குப் பிடித்த பொருள். கையில் கொடுக்கலாம், வாங்குபவர் முகத்தைப் பார்க்கலாம். ஆனால் அதில் நான் பட்ட அடிகளும் நிறைய. முதல் அடி 4 ஜிபி. கடையில் வாங்கும் பென்டிரைவ்கள் பல ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் ஆகி வரும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை வைக்க முடியாது. படங்கள் பிரச்சினையில்லாமல் ஏறிவிடும். முழு வீடியோவோ பெரிய ஜிப் ஃபைலோ மட்டும், உள்ளே இடம் இருந்தும், ஏற மறுக்கும். எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறைக்கு மாற்றினால் அந்தத் தடை இல்லை, விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும், ஆனால் பழைய டிவிகள் சில அதைப் படிக்காது. டிவியில் பார்ப்போம் என்றவர்களுக்கு அதனால் ஃபேட்32லேயே கொடுத்து, வீடியோவைத் துண்டாக்கி வைக்கிறேன்.

அடுத்த அடி கொஞ்சம் பலமானது. விலை குறைவு என்று பத்து பென்டிரைவ் மொத்தமாக வாங்கினேன். ஒன்று 64 ஜிபி என்று காட்டியது, உண்மையில் உள்ளே இருந்த இடம் அதில் ஒரு பங்குதான். இப்படிப் பொய் அளவு காட்டும் போலிகள் சந்தையில் உண்டு என்பதே அப்போது எனக்குத் தெரியாது. 20 ஜிபி நகலெடுத்தேன், எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை, ஃபைல் பெயர்களும் வரிசையாகத் தெரிந்தன. வாடிக்கையாளர் வீட்டில் திறந்தபோது பாதிக்கு மேல் சாம்பல் நிறப் பட்டையாக வந்தது. நல்லவேளை, மூலப் படங்கள் என்னிடம் பத்திரமாக இருந்தன. இப்போது நகலெடுத்து முடித்ததும் பென்டிரைவைக் கழற்றுவேன், மறுபடி சொருகுவேன், கடைசி ஃபோல்டரின் கடைசிப் படத்தைத் திறந்து முழு அளவில் பார்ப்பேன். கழற்றி மாட்டுவது முக்கியம். கழற்றாமல் பார்த்தால் சில சமயம் கணினி தன் நினைவில் வைத்திருப்பதையே காட்டி ஏமாற்றிவிடும். எண்ணிக்கையும் மொத்த அளவும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

பென்டிரைவை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டு, இனி ஆயுசுக்கும் பத்திரம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் தகவல் மின்னூட்டமாகத்தான் நிற்கிறது, வருடக்கணக்கில் மின்சாரம் பாயாமல் கிடந்தால் கசிந்துபோக வாய்ப்பு உண்டு. இதை நான் வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன்: “இது கொண்டுபோகத்தான், சேர்த்துவைக்க இல்லை. வீட்டுக்குப் போனதும் வேறு ஓரிடத்தில் நகல் எடுத்துவையுங்கள்.” கேட்பவர் பாதிப் பேர். மீதிப் பேர் இரண்டு வருடம் கழித்து போன் செய்வார்கள்.

சரி, இணையத்துக்கு வருவோம். லிங்க் அனுப்புகிறேன் என்று எல்லாரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், அதற்குள் மூன்று வேறு வேறு வேலை இருக்கிறது. வீடிரான்ஸ்ஃபர் போன்றவை கூரியர் மாதிரி: பொட்டலத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், இலவசத்தில் சில நாட்களுக்குள் வாங்கவில்லை என்றால் பொட்டலம் போய்விடும். கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவை அலமாரி மாதிரி: வைத்தது வைத்தபடி இருக்கும், ஆனால் பார்ப்பவருக்கு அலமாரி அலமாரியாகத்தான் தெரியும். பிக்ஸிசெட், பிக்டைம், ஷூட்ப்ரூஃப், ஸ்மக்மக் போன்ற கேலரித் தளங்கள் ஃபோட்டோகிராஃபர்களுக்காகவே உள்ளவை. லிங்க்கைத் தொட்டதும் படங்கள் பெரிது பெரிதாக விரியும், பிடித்ததற்கு இதயக் குறி போடலாம், வேண்டியதை மட்டும் இறக்கலாம், பார்ப்பவர் எந்தச் செயலியும் நிறுவ வேண்டாம்.

என் முதல் வருடங்களில் அலமாரியைக் கூரியராகவும் கேலரியாகவும் சேர்த்துப் பயன்படுத்தினேன். கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி மின்னஞ்சலுக்கும் டிரைவுக்கும் ஃபோட்டோஸுக்கும் சேர்த்துத்தான். அது நிரம்பினால் புதிதாக மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும். வாடிக்கையாளர் படத்தை வைக்கப்போய் வாடிக்கையாளரின் கடிதத்தையே இழப்பது என்ன வியாபாரம்? தொழிலுக்கென்று தனிக் கணக்கு, அதுவும் காசு கட்டிய கணக்கு என்று சீக்கிரமே பிரித்துவிடுவது நல்லது.

அலமாரி முறையில் இன்னொரு கண்ணி, அனுமதி. ஒருமுறை அவசரத்தில் ஃபோல்டரைப் பகிரும்போது ‘பார்க்கலாம்’ என்பதற்குப் பதில் ‘திருத்தலாம்’ என்று கொடுத்துவிட்டேன். லிங்க் குடும்பக் குழுவுக்குப் போயிருக்கிறது. யாரோ ஒரு மாமா, தனக்கு வேண்டாத படங்களை ஒவ்வொன்றாக நீக்கித் தன் பார்வைக்கு ஃபோல்டரைச் சுத்தம் செய்திருக்கிறார். அவர் நீக்கியது எல்லாருக்கும் நீங்கியது. மாப்பிள்ளை வீட்டார் படங்கள்தான் அதில் அதிகம் என்பது தற்செயலா இல்லையா, நான் விசாரிக்கவில்லை. இப்போது லிங்க்கை அனுப்புமுன் உலாவியில் மறைநிலைச் சாளரம் (இன்காக்னிட்டோ) ஒன்றைத் திறந்து, அதை வெளியாள் மாதிரி நானே திறந்து பார்க்கிறேன். அப்புறம் என் போனில், வைஃபையை அணைத்துவிட்டு, இன்னொரு தடவை.

கேலரித் தளத்துக்கு நான் முழுதாக மாறியதற்குக் காரணம் அழகு இல்லை, செலக்‌ஷன். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் முன்பெல்லாம் பதில் எப்படி வரும் தெரியுமா? “1043, 1047, 1102லிருந்து 1110 வரை, அப்புறம் அந்தச் சின்னப் பிள்ளை கொட்டாவி விடுற படம்.” சிலர் திரையைப் படம் பிடித்து, சிவப்பு வட்டம் போட்டு அனுப்புவார்கள். ஃபைல் எண் வட்டத்துக்கு வெளியே எங்கோ வெட்டுப்பட்டிருக்கும். நாற்பது வட்டத்தை நாற்பது படத்தோடு பொருத்திப் பார்ப்பதில் ஒரு முழுச் சாயங்காலம் போகும். கேலரியில் இதயக் குறி போட்டதும் எனக்குப் பட்டியல் வந்துவிடுகிறது, அதை நான் படங்களை அடுக்கவும் திருத்தவும் பயன்படுத்தும் லைட்ரூம் மென்பொருளில் ஒட்டித் தேடினால் அந்தப் படங்கள் மட்டும் முன்னால் நிற்கின்றன. இதற்காகவே மாதக் கட்டணம் கட்டலாம் என்பது என் கருத்து. நிறைய வேலை இல்லாதவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை, இலவச அளவிலேயே தொடங்கிப் பார்க்கலாம். ஆனால் கட்டணம் நின்றால் கேலரியும் நிற்கும் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பது காட்சிக்கு வைத்த பிரதிதான்.

எண்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. கேமரா 9999 வரை எண்ணிவிட்டு மறுபடி 0001லிருந்து தொடங்கும். இரண்டு கேமராவில் எடுத்தால் ஒரே எண்ணில் இரண்டு படம் வருவதும் சகஜம். உதவியாளர் கேமராவின் படங்களை என் ஃபோல்டரிலேயே கொட்டியபோது கணினி “மாற்றி எழுதவா?” என்று கேட்டது, தூக்கக் கலக்கத்தில் நான் ஆமாம் என்றேன். மெமரி கார்டை அழிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தேன். அதிலிருந்து, எக்ஸ்போர்ட் செய்யும்போது, அதாவது திருத்திய படங்களைக் கொடுப்பதற்கான ஃபைல்களாக வெளியே எடுக்கும்போது, எல்லாப் படத்துக்கும் புதுப் பெயர்: தேதி, நிகழ்ச்சி, நான்கு இலக்க வரிசை எண். நான்கு இலக்கம் ஏன் என்றால், சில டிவிகளும் பழைய மென்பொருள்களும் 1, 10, 100, 2 என்று எழுத்து வரிசையில் அடுக்கிவிடும். 0001 என்று இருந்தால் அந்தக் குழப்பம் இல்லை.

பெயர் சரியாக இருந்தாலும் போனுக்குள் இன்னொரு குழப்பம் வரும். போன் கேலரி பெரும்பாலும் படம் எடுத்த நேரத்தை வைத்துத்தான் அடுக்கும், ஃபைல் பெயரை அது கண்டுகொள்ளாது. என் உதவியாளரின் கேமராக் கடிகாரம் ஒருமுறை ஐந்து மணி நேரம் பின்தங்கியிருந்தது. வாடிக்கையாளர் போனில் இறக்கியபோது, விருந்தினர்கள் கை கழுவிக் கிளம்பும் படங்கள் மேடை அலங்காரத்துக்கும் முன்னால் வந்துவிட்டன. “கதை பின்னாலிருந்து முன்னால போகுது” என்று சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் வேலை தொடங்குமுன் எல்லாக் கேமராவிலும் ஒரே போன் கடிகாரத்தைப் படம் எடுத்துக்கொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது. வித்தியாசம் இருந்தால் லைட்ரூமில் எடுத்த நேரத்தை மொத்தமாக நகர்த்திவிடலாம். இரண்டு நிமிட வேலை.

இனி அளவு. இதில்தான் நான் மிக அதிகமாகத் திட்டு வாங்கியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு அம்மா தன் குடும்பப் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டினார். 16க்கு 24 அங்குலம். முகமெல்லாம் மெழுகு பூசியது மாதிரி இருக்கிறது, நீ எடுத்த படம் சரியில்லை என்று சண்டைக்கு வந்தார். எந்த ஃபைலை அச்சுக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். நான் கொடுத்தது 6000க்கு 4000 பிக்சல். அச்சுக்குப் போனது நீளப் பக்கம் 1600 பிக்சல். மகன் போனிலிருந்து மருமகள் போனுக்கு, அங்கிருந்து இவருக்கு என்று படமாகவே கைமாறி வந்ததில் அது சுருங்கியிருக்கிறது. 1600ஐ 24 அங்குலத்துக்கு நீட்டினால் அங்குலத்துக்கு 67 பிக்சல்கூடத் தேறாது. நல்ல அச்சுக்கு 300 என்பது வழக்கமான கணக்கு, சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்ப்பதற்கு 150, 200 இருந்தாலும் சமாளிக்கலாம். 67ஐ வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. என் செலவில் மறுபடி அச்சடித்துக் கொடுத்தேன். அவர் தப்பு இல்லையே, நான் சொல்லவே இல்லையே.

மெசேஜ் செயலிகள் படத்தைச் சுருக்குவது இயல்பு, வேகமாகப் போய்ச் சேர வேண்டும் என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். வாட்ஸாப்பில் 2023ல் எச்டி என்று ஒரு தேர்வு வந்தது, அதுவும் முழு மூலப் படம் இல்லை. மூலம் அப்படியே போக வேண்டுமென்றால் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். 2 ஜிபி வரை ஒரு ஃபைல் போகும். இதை வாடிக்கையாளர்களுக்கு வாயால் சொன்னால் மறந்துவிடுகிறார்கள். அதனால் இப்போது ஃபோல்டர் பெயரே பேசுகிறது. ஒன்றின் பெயர் ‘போனுக்கும் பகிரவும்’, இன்னொன்றின் பெயர் ‘பிரிண்ட் போட இது மட்டும்’. முதலாவதில் நீளப் பக்கம் 2048 பிக்சல், ஒரு படம் ஒரு எம்பிக்கும் குறைவாகவே வரும். போனில் சட்டென்று திறக்கும், சமூக ஊடகங்களுக்கும் போதும். இரண்டாவதில் முழு அளவு. டிவி என்று சொன்னவர்களுக்கு மூன்றாவதாக ஒன்று, 3840 பிக்சலில். முழு அளவுப் படத்தைப் பழைய டிவியில் போட்டால் ஒவ்வொரு படத்துக்கும் அது மூச்சு வாங்கும்.

முழு அளவு என்பதற்காக படத்தைச் சேமிக்கும்போது கேட்கும் ஜேபெக் தர எண்ணை 100ல் வைக்க வேண்டியதில்லை. ஒரே படத்தை 100லும் 85லும் எடுத்து, அச்சடித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது எது என்று எனக்கே தெரியவில்லை. ஃபைல் அளவோ பாதிக்கும் கீழே. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் ஏற்றும் நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 8 ஜிபியை நொடிக்கு 10 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் அனுப்பினால், எந்தத் தடங்கலும் இல்லாமல் போனாலே ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். விளம்பரத்தில் வரும் வேகம் பெரும்பாலும் இறக்கும் வேகம், நமக்கு வேண்டியது ஏற்றும் வேகம். வாடிக்கையாளர் மொபைல் டேட்டாவில் இறக்குபவராக இருந்தால் அந்தப் பாதி அவருக்கும் மிச்சம்.

நிறத்தைப் பற்றி ஒரே வரி: வாடிக்கையாளருக்குப் போகும் எல்லாமே எஸ்ஆர்ஜிபி, அதாவது பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான நிற வரம்பு. அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு வரம்பில் நிறம் கூடுதலாக அடங்கும் என்று ஒரு காலத்தில் அதிலேயே கொடுத்துக்கொண்டிருந்தேன். நிறக் குறிப்பைப் படிக்கத் தெரியாத திரைகளில் முகங்கள் எல்லாம் காய்ச்சலில் எழுந்தவர்கள் மாதிரி வெளிறிப்போய்த் தெரிந்தன. அச்சகம் தானாக வேறு கேட்டால் அப்போது கொடுத்துக்கொள்ளலாம்.

யார் கையில் போய்ச் சேரும் என்பதையும் யோசிக்க வேண்டும். ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்பதற்கு அர்த்தம் எவரும் என்பதுதான். பச்சிளம் குழந்தைப் படங்களை அப்படி ஒருமுறை பகிர்ந்தேன். குழந்தையின் அம்மா இரண்டு நாள் கழித்து, தனக்குத் தெரியாத ஒருவர் அந்தப் படத்தை முகப்புப் படமாக வைத்திருப்பதாகச் சொன்னார். உறவுக்காரரின் நண்பராம், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த அம்மாவின் குரல் எனக்கு மறக்கவில்லை. குழந்தைகள் இருக்கும் கேலரிக்கு இப்போது கடவுச்சொல் கட்டாயம், இறக்குவதற்குத் தனி எண். லிங்க் ஒரு செய்தியிலும் கடவுச்சொல் இன்னொன்றிலும் போகும். இன்னொன்று, ஜிபிஎஸ் உள்ள கேமராவோ போனோ படத்துக்குள் இடத்தையும் பதிந்துவைக்கும். வீட்டில் எடுத்த படமென்றால் அது வீட்டு முகவரி கொடுத்த மாதிரி. லைட்ரூமில் எக்ஸ்போர்ட்டின்போது இடத் தகவலை நீக்க ஒரு பெட்டி இருக்கிறது, அதில் டிக் போட்டு நிரந்தரமாக வைத்துவிட்டேன். என் பெயரும் உரிமைக் குறிப்பும் மட்டும் உள்ளே இருக்கும்.

நிறுவனங்களுக்கு வேலை செய்யும்போது நான் மேலே சொன்ன பலதும் தலைகீழ். அவர்களுக்கு அழகான கேலரி வேண்டாம், அலமாரிதான் வேண்டும். ஃபைல் பெயரில் ஊழியர் பெயரோ எண்ணோ இருக்க வேண்டும். சில அலுவலகக் கணினிகளில் வெளித் தளங்களையும் பென்டிரைவையும் தடுத்து வைத்திருப்பார்கள், அதனால் அவர்களே ஒரு ஃபோல்டரைத் திறந்து கொடுத்து அதில் போடச் சொல்வதுதான் உத்தமம். முதலிலேயே கேட்டுவிட வேண்டும். செய்திக்கு எடுப்பவர்களுக்கு இன்னும் வேறு: பத்துப் படம், ஒரு மணி நேரத்துக்குள், யார் எங்கே எப்போது என்ற விவரத்தைப் படத்துக்குள்ளேயே எழுதி.

பணம் பேசாமல் இதை முடிக்க முடியாது. முழுப் படங்களையும் கொடுத்துவிட்டு மீதித் தொகைக்கு நடையாய் நடந்தவன் நான். இப்போது முதலில் போவது மேலே என் பெயர்க் குறி (வாட்டர்மார்க்) இட்ட சிறிய படங்கள், பார்க்கவும் தேர்ந்தெடுக்கவும். கணக்கு முடிந்ததும் அதே கேலரியில் இறக்கும் வசதியைத் திறந்துவிடுகிறேன். சண்டை போட வேண்டியதில்லை, கதவு தானாகப் பேசுகிறது. கல்யாண வீட்டில் மறுநாளே பகிர ஆசைப்படுவார்கள் என்பதால் இருபது படம் மட்டும் உடனே, குறி இல்லாமல், சிறிய அளவில். அந்த இருபதுக்குக் கிடைக்கும் சந்தோஷத்தில் மீதிக்கு மூன்று வாரம் பொறுத்துக்கொள்கிறார்கள்.

எத்தனை நாள் வைத்திருப்பேன் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறேன்: கேலரி 90 நாள், என் ஹார்ட்டிஸ்கில் ஒரு வருடம். எழுதாத காலத்தில் ஆறு வருடத்துக்கு முந்தைய படத்தைக் கேட்டு வந்தவர்கள் உண்டு. தேடி எடுத்துக் கொடுத்தால் நன்றி, இல்லை என்றால் கோபம். கேலரி மூடுவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு செய்தி அனுப்புவேன். கேலரித் தளம் யார் இறக்கினார்கள் என்பதைக் காட்டும் என்பதால், அனுப்பிய மூன்றாம் நாள் பார்ப்பேன். யாரும் இறக்கவில்லை என்றால் நானே போன். பத்தில் மூன்று பேராவது “திறக்கத் தெரியல, கேட்கக் கூச்சமா இருந்தது” என்பார்கள்.

வாடிக்கையாளர் இறக்கிவிட்டார் என்று தெரியும்வரை மெமரி கார்டுகளை நான் அழிப்பதில்லை. பீட்டர் க்ரோ என்ற ஃபோட்டோகிராஃபர் பரப்பிய 3-2-1 கணக்கை இன்று கணினித் துறையே சொல்கிறது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். என் வரையில் இரண்டு ஹார்ட்டிஸ்க், ஒரு மேகக் கணக்கு. பகிரும் கேலரியை இந்த மூன்றில் ஒன்றாக நான் எண்ணுவதில்லை.

அந்தப் பெரியவர் வீட்டுக்குத் திரும்பி வருகிறேன். அன்று அங்கேயே என் மடிக்கணினியைத் திறந்து 640 படங்களையும் சிறிய அளவில் எடுத்து, புதுக் கேலரியாக ஏற்றி, லிங்க்கை அவர் போனுக்கு அனுப்பினேன். தொட்டார், விரிந்தது. இரண்டு விரலால் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் போய், அக்காவிடம் வந்ததும் நின்றார். வரிசையில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கும் படம். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முழு அளவுப் படத்தை டாக்குமெண்டாக அனுப்புவது எப்படி என்று பொறுமையாகக் காட்டிக்கொடுத்தேன். கற்றுக்கொண்டார், ஒருமுறை எனக்கே அனுப்பிச் சரிபார்த்தார்.

“இப்ப அக்காவுக்கு அனுப்புங்க ஐயா” என்றேன்.

“அவகிட்ட இந்த மாதிரி போன் ஏது தம்பி? இதை மட்டும் ஒரு பிரிண்ட் போட்டுக் குடுத்துடுங்க. கொஞ்சம் பெரிசா. அவளுக்கும் கண்ணு சரியாத் தெரியாது.”